அம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது, "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள். எலும்புப்புரை யாருக்கெல்லாம் வரும்?

வைகைக்கரை:

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு 63 வயது, மதுரைப் பக்கம் ஊரில் அப்பாவோடு இருக்கிறார். மூன்று வாரம் முன்னால் காலையில் வாசல் தெளித்துவிட்டுத் திரும்பும்போது ஈரத்தில் கால் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். மாடியிலிருந்தோ வண்டியிலிருந்தோ இல்லை, நின்ற இடத்திலேயே விழுந்ததுதான். வலது மணிக்கட்டு உடைந்து, முள்கரண்டி மாதிரி கை வளைந்து நின்றது. எலும்பு டாக்டர் இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார், கால்சியம் மாத்திரை எழுதினார், ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். ஏன் இவ்வளவு லேசாக உடைந்தது என்று கேட்டதற்கு, வயதானால் அப்படித்தான் என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. ரத்தத்தில் கால்சியம் பார்த்தோம், நார்மல். "நார்மல்னு வந்துடுச்சே, இன்னும் என்ன" என்கிறான் தம்பி. ஆனால் அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாச்சி, கடைசிப் பத்து வருடம் கூன் விழுந்துதான் நடந்தார். அம்மாவும் ஒல்லி, 43 கிலோ. 41 வயதில் கர்ப்பப்பை எடுத்தாயிற்று. மூச்சு இளைப்புக்கு அவ்வப்போது மாத்திரை சாப்பிடுவார், என்ன மாத்திரை என்று தெரியாது. இதில் எது எலும்பைப் பாதிக்கும், எது பாதிக்காது? ஸ்கேன் எடுக்க வேண்டுமா? எனக்கு 38, தங்கைக்கு 34, நாங்கள் இப்போதே ஏதாவது பார்க்க வேண்டுமா?

வார்டுசிஸ்டர்:

தங்கச்சி, எலும்பு முறிவு வார்டில் 22 வருடம் நர்ஸாக இருக்கிறேன். நீ கேட்டது சரியான கேள்வி. அம்மா ஊர் டாக்டர் கையை நன்றாகத்தான் கட்டியிருக்கிறார், ஆனால் பாதி வேலையோடு நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன்.

முதல் விஷயம். நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு மணிக்கட்டோ, முதுகெலும்போ, இடுப்போ உடைந்தால், அதையே எலும்புப்புரைக்கான, அதாவது எலும்பு உள்ளே அடர்த்தி குறைந்து பலவீனமாவதற்கான, அறிகுறியாக எடுத்துக்கொண்டு தேட வேண்டும். ஒரு தடவை இப்படி உடைந்தவருக்கு அடுத்து உடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதிலும் முதல் இரண்டு வருடம் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய காலம். மணிக்கட்டு உடைந்து வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போன அம்மாக்கள் சில வருடம் கழித்து இடுப்பு உடைந்து ஸ்ட்ரெச்சரில் வருவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பழைய எக்ஸ்ரே கவர் கையில் இருக்கும். அந்தக் கவரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இரண்டாவது, ரத்தத்தில் கால்சியம் நார்மல் என்பதை வைத்து நிம்மதி ஆகாதே. இதயம் துடிக்கவும் தசை அசையவும் ரத்தத்தில் கால்சியம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும், குறைந்தால் உடம்பு உடனே எலும்பிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும். எலும்பு புரையோடிப் போயிருந்தாலும் ரத்தம் நார்மல் என்றுதான் காட்டும். பெரும்பாலான எலும்புப்புரைக்காரர்களுக்கு அப்படித்தான்.

அப்புறம் அந்த 41 வயது ஆபரேஷன். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா? நீ தேட வேண்டியது இதைத்தான். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் முக்கியமாகச் சினைப்பையிலிருந்துதான் வருகிறது. எலும்பைக் கரைக்கிற செல்களை அதுதான் அடக்கி வைக்கிறது. மாதவிலக்கு இயல்பாக நின்றாலே அடுத்த ஐந்தாறு வருடத்தில் எலும்பு வேகமாகக் கரையும், சிலருக்கு 20 சதவீதம் வரைகூடப் போய்விடும். சினைப்பையை எடுத்துவிட்டால் அந்த நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. 45 வயதுக்கு முன்னால் மாதவிலக்கு நின்றவர் எல்லாருமே அபாயக் கணக்கில் சேர்வார்கள். சினைப்பையை விட்டுவைத்திருந்தால்கூட சிலருக்கு அது சில வருடம் முன்கூட்டியே ஓய்ந்துபோகும். நம் பக்கம் முப்பது, நாற்பது வயதிலேயே எத்தனை பெண்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கிறார்கள் என்று உனக்கே தெரியும், அதற்கப்புறம் எலும்பைப் பற்றி ஒருவர்கூட அவர்களிடம் பேசுவதில்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவில் இருக்கும், தேடு. டி.ஏ.ஹெச். என்று மட்டும் இருந்தால் கர்ப்பப்பை. கூடவே பி.எஸ்.ஓ. என்று எழுதியிருந்தால் இரண்டு பக்கச் சினைப்பையும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இளைப்பு மாத்திரை பெயரைப் படம் பிடித்துப் போடு. பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு என்றால், தினம் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதம் சாப்பிட்டாலே எலும்பு பாதிக்கும், முதல் சில மாதத்திலேயே பாதிக்கும். ஆனால் பயந்துகொண்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. உறிஞ்சும் இன்ஹேலர் இந்த அளவுக்குப் பாதிக்காது, அதையும் நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று, அம்மாவின் உயரத்தைச் சுவரில் நிறுத்தி அளந்து பார். இளவயதில் இருந்ததைவிட நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், முதுகெலும்பு எங்கேயோ நசுங்கியிருக்கலாம். முதுகெலும்பு உடைவது பல பேருக்கு உடைந்ததாகவே தெரியாது, "முதுகு பிடிச்சுக்கிட்டுது" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். அம்மாச்சியின் கூன் அநேகமாக அதுதான்.

பனங்காடு:

என் பாட்டி எட்டுப் பிள்ளை பெற்றவர், 91 வயது வரை வயலுக்குப் போனார், ஒரு எலும்பு உடைந்ததில்லை. கால்சியம் மாத்திரையைப் பார்த்ததே இல்லை. கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, இவ்வளவுதான். நம் சாப்பாட்டை விட்டதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாத்திரைக்குப் போவதற்கு முன்னால் சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள்.

வார்டுசிஸ்டர்:

சாப்பாட்டு விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன் சகோ. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்பது நம் நாட்டுக் கணக்கு. மூன்று வேளையும் அரிசி, பால் காபியில் மட்டும் என்று இருக்கிற அம்மாக்களுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. ஆனால் உங்கள் பாட்டி வெயிலில் வேலை செய்தார், சுமை தூக்கினார், குனிந்து நிமிர்ந்தார். எலும்பு பாரம் தாங்கத் தாங்கத்தான் உறுதியாகும். முப்பது வயதுக்குள் சேர்த்த எலும்புதான் கடைசிவரை கையிருப்பு, பாட்டிக்கு அது நிறைய இருந்திருக்கும். அவருக்கு 41 வயதில் கர்ப்பப்பை எடுக்கப்படவும் இல்லை. இந்த அம்மாவுக்கு ஏற்கனவே உடைந்துவிட்டது, இனிமேல் களி மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

பிள்ளை நிறையப் பெற்றால் எலும்பு போய்விடும் என்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் எலும்பு கொஞ்சம் குறையும், பால் மறக்கடித்த பிறகு பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துவிடும்.

முல்லைக்கொடி:

இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. என் அம்மா கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தெருமுனை மருந்துக்கடையில் செட் மாத்திரை வாங்குவார். ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் நாலு மாத்திரை, ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ், ஒரு குட்டி மாத்திரை. அதைப் போட்டால் மறுநாள் எழுந்து ஓடுவார். "கைராசிக்காரர், டாக்டரைவிட இவர் மேல்" என்பார். ஆறு வருடம், வாரத்தில் நாலைந்து நாள். முகம் உப்பிப்போய் வந்தபோது நாங்கள் அம்மா கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம். அந்தக் குட்டி மாத்திரை ஸ்டீராய்டு, டெக்ஸாமெத்தசோன். அது எங்களுக்கு எப்போது தெரிந்தது என்றால், 68 வயதில் இரவு பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு உடைந்து, ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்" என்று கேட்டு, நான் வீட்டுக்கு ஓடிப்போய்த் தலையணைக்கடியில் இருந்த பொட்டலத்தை எடுத்துவந்து காட்டியபோது.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அம்மா பழையபடி எழுந்திருக்கவே இல்லை. படுக்கைப் புண், அப்புறம் நெஞ்சில் சளி, ஏழாவது மாதம் போய்விட்டார். இடுப்பு உடைந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுவதாகப் பின்னால்தான் படித்தேன்.

இன்னொரு குழப்பமும் இருந்தது. அம்மாவுக்கு "எலும்புத் தேய்மானம்" என்று யாரோ சொல்லியிருந்தார்கள், நாங்களும் அதற்குத்தான் கால்சியம் கொடுக்கிறோமே என்று இருந்துவிட்டோம். முழங்கால் தேய்வது மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்வது, அது வலிக்கும். எலும்புப்புரை வேறு, அது உடைகிற நாள்வரை வலிக்கவே வலிக்காது. நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேர் ஏமாந்து போகிறோம்.

வைகைக்கரை, அம்மாவின் தலையணைக்கடியில், அஞ்சறைப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நொய்யல்:

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன், 59 வயது. நாலு வருடம் முன்னால் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், பிறகு லெட்ரசோல் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் நிறுத்திவிடும், அதனால் ஆரம்பிக்கும்போதே என் டாக்டர் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிட்டார். ஸ்கேன் பற்றிப் பயம் இருந்தால் சொல்கிறேன்: கட்டிலில் மல்லாந்து படுத்தால் மேலே ஒரு கை மாதிரி மெதுவாக நகரும், பத்துப் பதினைந்து நிமிடம், ஊசி இல்லை, குகைக்குள் போகிற வேலை இல்லை. கதிர்வீச்சு நெஞ்சு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. இடுப்பையும் முதுகின் கீழ்ப்பகுதியையும் எடுப்பார்கள். டி-ஸ்கோர் என்று ஒரு எண் வரும்: மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவில் எலும்பு அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை.

குதிகாலை ஒரு சின்ன மெஷினில் வைத்து இலவசமாகப் பார்க்கிறோம் என்று முகாம் போடுவார்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள். அதை வைத்து நோய் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஃப்ராக்ஸ் என்று ஒரு கணக்கும் இருக்கிறது, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2008இல் கொண்டுவந்தது, இந்தியாவுக்குத் தனிக் கணக்கு அதில் உண்டு. வயது, எடை, உயரம், முன்னால் எலும்பு உடைந்ததா, அப்பா அம்மாவுக்கு இடுப்பு உடைந்ததா, புகை, குடி, ஸ்டீராய்டு, முடக்குவாதம் என்று கேட்டு அடுத்த பத்து வருடத்தில் உடையும் வாய்ப்பைச் சொல்லும். சர்க்கரை நோயாளிகளுக்கு அது குறைத்துக் காட்டும், ஏனென்றால் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்கேனில் அடர்த்தி நன்றாகத் தெரிந்தாலும் எலும்பு எளிதில் உடையும்.

உங்கள் அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை உண்டா? அளவு அதிகமாகிப் போனால் அதுவும் எலும்பைக் கரைக்கும், டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள், வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை வருடக்கணக்கில் போடுபவர்கள், இவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. முல்லைக்கொடி அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அன்று இரவே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பீரோவில் கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில், மஞ்சள் பையில் அந்தச் சீட்டு இருந்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்திருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. டி.ஏ.ஹெச்., பக்கத்திலேயே பி.எஸ்.ஓ. என்று இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன், "பையை எடுத்துட்டோம்னு சொன்னாங்க, வேற என்ன எடுத்தாங்கன்னு எனக்குச் சொல்லலையே" என்றார். 22 வருடம் அம்மாவுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

இளைப்பு மாத்திரை பிரெட்னிசலோன் 10. டாக்டர் என்றோ ஐந்து நாளைக்கு எழுதியதை, பனிக்காலம் வந்தால் அம்மாவே பழைய அட்டையைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், கார்த்திகையிலிருந்து மாசி வரை, விட்டு விட்டு.

உயரம் அளந்தேன். பழைய இன்ஷூரன்ஸ் படிவத்தில் 154 என்று இருக்கிறது, இப்போது 149. சமையலறையில் புளிப்பானை வைக்கும் மேல் பலகை கை எட்டவில்லை என்று போன வருடமே சொன்னார், தம்பி ஒரு முக்காலி வாங்கிக் கொடுத்தான். நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

மதுரையில் டெக்ஸா எடுத்தோம். முதுகு மைனஸ் 3.4, இடுப்பு மைனஸ் 2.7. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு ஒன்று ஏற்கனவே நசுங்கியிருக்கிறது. வைட்டமின் டி 11தான் இருக்கிறது, 20க்கு மேல் இருக்க வேண்டுமாம். முதலில் வாரம் ஒரு 60,000 யூனிட் பொடி எட்டு வாரம், சிறுநீரகத்துக்கு ஒரு டெஸ்ட், பல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும், எலும்பு கரைவதைக் குறைக்கும் சொலெட்ரானிக் ஆசிட் ஊசி என்று புது டாக்டர் சொல்லியிருக்கிறார். இளைப்புக்கு இன்ஹேலர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

வார்டுசிஸ்டர்:

நல்ல காரியம் செய்தாய். அந்தப் பொடியை வாரம் ஒன்று என்பதை அப்பாவிடமும் காலண்டரில் எழுதிக் கொடு, தினம் ஒன்று என்று நினைத்துச் சாப்பிட்டுக் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக வந்து படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை ஊசி போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். முக்காலியை இன்றைக்கே எடுத்துவிடு, புளிப்பானையைக் கீழே இறக்கு. வாசல் தெளிப்பதை இனி அப்பா செய்யட்டும். பாத்ரூமில் சுவரோடு கைப்பிடி, இரவில் ஒரு சின்ன விளக்கு. கண்ணில் புரை இருக்கிறதா, தூக்க மாத்திரை போடுகிறாரா என்றும் பார். எலும்பு பலவீனமானவர்கள் விழும்போதுதான் மணிக்கட்டும் இடுப்பும் பெரும்பாலும் உடைகின்றன, அதனால் விழாமல் பார்ப்பதும் மருந்து மாதிரிதான்.

நீயும் தங்கையும் இப்போது ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. பாட்டிக்குக் கூன், அம்மாவுக்கு உடைந்தது என்பதை உங்கள் குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மாதவிலக்கு நிற்கும்போது டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அதுவரை பால், கேழ்வரகு, மதிய வெயிலில் கை கால் படக் கொஞ்ச நேரம், வாரத்தில் சில நாளாவது பாரம் தூக்கும் பயிற்சி. ஒல்லியாக இருக்க வேண்டும் என்று பட்டினி கிடக்காதீர்கள்.

வைகைக்கரை:

சரி அக்கா. முக்காலியை எடுத்துவிட்டேன். இன்னொன்று மட்டும். பெரியம்மாவுக்கு 66 வயது, அவருக்கும் முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள், எந்தச் சீட்டும் இல்லை, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியும் மூடியாயிற்று. அவருக்கு எப்படித் தெரிந்துகொள்வது?

வார்டுசிஸ்டர்:

ஆபரேஷன் முடிந்த சில நாளிலோ ஒரு மாதத்துக்குள்ளோ உடம்பு திடீரென்று குப்பென்று சூடேறி, ராத்திரியில் தலையணை நனைகிற மாதிரி வேர்த்ததா என்று கேள். சினைப்பையைச் சேர்த்து எடுத்திருந்தால் அநேகமாக அப்படித்தான் வரும், எத்தனை வருடம் ஆனாலும் பெண்களுக்கு அது மறக்காது. அவர் இல்லை என்று சொன்னாலும் சரி, 35 வயதில் கர்ப்பப்பை எடுத்த, 66 வயதான பெண் என்பதே போதும். அம்மாவின் அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போ, அவருக்கும் டெக்ஸா எழுதித் தரச் சொல்.